அந்தக் கட்டுரையில் விடுபட்ட பெயர்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜெர்மனியின் மின்சார மாற்றம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் 2011இல் ஃபுகுஷிமா அணு உலை வெடித்தது, அன்றைய ஜெர்மன் அரசின் தலைவர் ஏங்கெலா மெர்க்கல் அணு மின்சாரம் வேண்டாம் என்று மனம் மாறினார், அப்புறம் வீட்டுக் கூரைகளில் சோலார் தகடுகள் முளைத்தன என்று அதில் கதை போகிறது. கூரைகள் அதற்குப் பத்து வருஷம் முன்பே நிறையத் தொடங்கிவிட்டன. அதற்குப் பெரிய காரணமாக இருந்த ஹெர்மன் ஷேர் என்ற மனிதரின் பெயரைக் கட்டுரை முழுக்கத் தேடியும் காணோம். (தமிழில் எழுதினால் பங்குச் சந்தை ஞாபகம் வருகிறது, என்ன செய்வது!)

நான் குடியிருப்பது ஷ்டுட்கார்ட் பக்கத்தில் உள்ள வைப்லிங்கனில். ஷேர் போட்டியிட்ட தொகுதி இது. சமூக ஜனநாயகக் கட்சிக்காரரான அவர், இங்கே நேரடியாக ஜெயிக்காமல், கட்சியின் மாநில வேட்பாளர் பட்டியல் வழியாகத்தான் (கட்சி வாங்கும் வாக்குக்கு ஏற்பக் கிடைக்கும் இடம் அது) நாடாளுமன்றத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். 1980இல் நுழைந்தவர் 2010இல் இறக்கும்வரை முப்பது ஆண்டுகள் உறுப்பினராக இருந்தார். அமைச்சர் பதவி ஒருநாளும் கிடைக்கவில்லை. 2008இல் ஹெஸ்ஸன் மாநிலத்தில் பொருளாதாரம், சுற்றுச்சூழல் இரண்டுக்கும் அமைச்சராவார் என்று பேச்சு முடிந்திருந்தது. சொந்தக் கட்சியின் உறுப்பினர்கள் நான்கு பேர் கடைசி நேரத்தில் காலை வாரியதில் அந்த ஆட்சியே அமையவில்லை.

அவர் செய்தது என்ன என்பதை நான் புரிந்துகொண்டது பக்கத்து வீட்டு அம்மாவின் நிலவறையில். ரயில்வேயில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவர். 2004இல் சேமிப்பைப் போட்டு, மிச்சத்துக்குக் கடன் வாங்கி, கூரையில் 4 கிலோவாட் தகடு பதித்தார். நிலவறைச் சுவரில் இரண்டு மீட்டர்கள். ஒன்று அவர் வாங்கும் மின்சாரத்துக்கு, மற்றது விற்கும் மின்சாரத்துக்கு. விற்கிற யூனிட்டுக்கு 57.4 சென்ட், வாங்குகிற யூனிட்டுக்கு அதைவிட எவ்வளவோ குறைவு. வருஷத்துக்கு ஏறக்குறைய 4,000 யூனிட் விற்று 2,300 யூரோ போல வாங்கினார். ஒவ்வொரு ஜனவரியிலும் வரும் கணக்குக் கடிதத்தைத் துளை போட்டுக் கோப்பில் சேர்த்து வைப்பார். கடன் அடைந்த வருஷம் எங்களுக்கெல்லாம் கேக் கொடுத்தார்.

அந்த விலைக்கு அடிப்படை 2000 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த சட்டம்; 2004இல் அதைத் திருத்தியபோது கூரைத் தகடுகளுக்கு விலையை உயர்த்தியிருந்தார்கள். சூரியன், காற்று போன்றவற்றிலிருந்து யார் மின்சாரம் தயாரித்தாலும் கம்பி வைத்திருக்கும் நிறுவனம் அதை வாங்கியே ஆகவேண்டும். சேர்ந்த வருஷத்தின் விலை 20 ஆண்டுக்கு மாறாது. அடுத்தடுத்த வருஷம் சேருகிறவர்களுக்கு விலை குறைந்துகொண்டே போகும். ஆகவே தகடு தயாரிப்பவனும் விலையைக் குறைத்துத்தான் ஆகவேண்டும். சோலாருக்குத் தொடக்க விலை யூனிட்டுக்கு 99 ஃபென்னிக் (யூரோவுக்கு முந்தைய மார்க் நாணயத்தின் காசு; யூரோ கணக்கில் ஏறக்குறைய 51 சென்ட்). அதற்கு முன் 20 ஃபென்னிக்கைக்கூட எட்டியதில்லை. அன்றைய பொருளாதார அமைச்சர் வெர்னர் முல்லருக்கு இதில் இஷ்டமில்லை. அதனால் ஷேர் உள்ளிட்ட நாடாளுமன்ற உறுப்பினர்களே உட்கார்ந்து மசோதாவை எழுதினார்கள். ஷேருக்கு இணையாக உழைத்தவர் பசுமைக் கட்சியின் ஹான்ஸ்-யோசெஃப் ஃபெல். ஹம்மெல்பர்க் என்ற சிற்றூரின் நகராட்சியில் 1993இலேயே இதைச் செய்து பார்த்திருந்தவர் அவர். 1990இல் வந்த முந்தைய சட்டத்துக்கு பவேரியாவின் பழமைவாதக் கட்சிக்காரர் ஒருவரும் பாடுபட்டிருக்கிறார். ஊர் ஆறுகளில் சின்னச் சின்ன நீர்மின் ஆலை வைத்திருந்தவர்களுக்காக! ஷேர் ஒருவரே எல்லாம் செய்தார் என்று நானும் கதை கட்டக்கூடாது அல்லவா.

ஷேர் மரம் நட்டுக்கொண்டிருந்த மனிதர் அல்ல. நாடாளுமன்றத்துக்கு வருமுன் நான்கு வருஷம் கார்ல்ஸ்ரூ அணு ஆராய்ச்சி மையத்தில் வேலை பார்த்தவர். எதிராளியின் கணக்கு அவருக்கு உள்ளிருந்தே தெரியும். சஹாராவில் பிரம்மாண்டமாகச் சோலார் நிலையம் போட்டு ஐரோப்பாவுக்குக் கம்பி இழுக்கலாம் என்று 2009இல் பெரிய கம்பெனிகள் கிளம்பியபோது, சூரிய ஆதரவாளரான அவரே அதை எதிர்த்தார். மறுபடியும் நாலு முதலாளி கையில் மின்சாரம் போகும் என்பது அவர் வாதம்.

கட்டுரையாளர் தேதிகளைப் பார்த்திருக்கலாம். ஷேர் இறந்தது 2010 அக்டோபர் 14. சரியாக இரண்டு வாரம் கழித்து, அக்டோபர் 28 அன்று, இதே மெர்க்கலின் கூட்டணி அணு உலைகளின் ஆயுளை நீட்டித்து வாக்களித்தது. அடுத்த மார்ச்சில் ஃபுகுஷிமா. ஜூன் மாதமே தாங்கள் நீட்டித்ததைத் தாங்களே திரும்பப் பெற்றார்கள். அப்படித் திரும்ப முடிந்ததற்கு, பத்து வருஷமாகக் கூரைகளிலும் காற்றாலைகளிலும் சேர்ந்திருந்த மின்சாரம் ஒரு காரணம் இல்லையா?

குறையும் சொல்ல வேண்டும். அரசு கஜானாவிலிருந்து காசு எடுக்காமல் எல்லார் கரண்ட் பில்லிலும் இந்தச் செலவைப் போட்டார்கள். 2017இல் அது யூனிட்டுக்கு 6.88 சென்ட்டாக ஏறியது. மின்சாரத்தை விழுங்கும் பெரிய ஆலைகளுக்குச் சலுகை இருந்தது. கூரையே சொந்தமில்லாத வாடகைக்காரன் கட்டினான். நானும் அன்று வாடகை வீட்டில்தான் இருந்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினேன். 2022 ஜூலையில்தான் அது நின்றது. தகடு செய்யும் தொழிலும் சீனாவுக்குப் போய்விட்டது. சோலார் செல் தயாரிப்பில் ஒரு காலத்தில் உலகிலேயே பெரிதாக இருந்த ஜெர்மன் நிறுவனம் கியூ-செல்ஸ் 2012இல் திவாலானது. இது நடந்தபோது ஷேர் உயிரோடு இருந்திருந்தால் என்ன சண்டை போட்டிருப்பாரோ.

பக்கத்து வீட்டு அம்மாவின் இருபது வருஷம் 2024 டிசம்பரோடு முடிந்தது. இப்போது யூனிட்டுக்குச் சில சென்ட்தான். தகடுகளை இறக்கிவிடலாம் என்று மகன் சொல்கிறான். அவர் கேட்பதாக இல்லை. வெயிலைப் பார்த்து மத்தியானத்தில் வாஷிங் மெஷினைப் போடுகிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வைப்லிங்கன், ஜெர்மனி.