அவிழ்ந்திருந்த பூட்ஸ் கயிறு

கால்கரி
நவம்பர் 24

அன்புள்ள அண்ணா,

உங்கள் கடிதம் வந்து ஐந்து வாரம் ஆகிறது. பதில் போடாமல் இருந்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு மாற்றிக் கொடுத்த மாத்திரை ஒத்துக்கொண்டதா? முட்டிவலி எப்படி இருக்கிறது?

இங்கே எல்லாரும் சௌக்கியம். இன்று காலை மைனஸ் 19. மார்கழி வந்தாலே மப்ளர் கட்டிக்கொள்ளும் அம்மாவிடம் இதைச் சொல்லவேண்டாம். நம் பெங்களூரில் பதிவான மிகக் குறைந்த அளவே 7.8 டிகிரிதான், அதுவும் 1884 ஜனவரியில்.

பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். விடியுமுன் எங்கள் வாசல் பனியையும் சேர்த்து வாரிப் போட்டுவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போகிறவர். போன வாரம் கதவைத் தட்டி ஒரு நாவலை நீட்டினார். அவரோடு வேட்டைக்குப் போகிறவர் எழுதிய முதல் திரில்லராம். எனக்கு ஷிஃப்ட் இப்போது குறைவு, 3 நாளில் முடித்துவிட்டேன். தமிழ்ச் சங்க நூலகத்தில் துப்பறியும் கதை ஒன்று விடாமல் படித்த உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

உறைந்த ஏரிக்கரையில் ஒரு பிணம். கோட்டு, சட்டை எல்லாம் சுற்றிலும் சிதறிக் கிடக்கின்றன. குளிரில் செத்தான் என்று போலீஸ் எழுதிவிடுகிறது. அதில் நியாயம் இருக்கிறது. உடம்பின் உள்சூடு 35 டிகிரிக்குக் கீழே போனால் நடுக்கம், பேச்சுக் குழறல். இன்னும் இறங்கினால் நடுக்கம் நின்றே போகும், புத்தி தடுமாறும். அந்த நிலையில் சிலர் உடம்பு எரிகிறது என்று துணியைக் கழற்றி வீசுவதுண்டு. ஆனால் கதாநாயகன், வேட்டை வழிகாட்டி, பூட்ஸைப் பார்க்கிறான். இரண்டு கயிறும் முடிச்சு அவிழ்ந்து, மேலிருந்து கீழ்வரை துளை துளையாகத் தளர்த்தப்பட்டிருக்கின்றன. விறைத்த விரலுக்கு முடிச்சு பிடிபடாது. கழற்றியது வேறு கை.

ஏரிப் பனி உடைந்து கதாநாயகன் விழும் அத்தியாயம் இன்னும் நன்றாக வந்திருக்கிறது. குளிரில் உடம்பு என்னாகும் என்று ஆராயும் மனிடோபா பல்கலைக்கழகத்து கீஸ்பிரெக்ட் சொல்லும் 1-10-1 கணக்குதான்: இரைக்கும் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம், நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். வந்த பக்கமே திரும்புகிறான், அதுவரை தாங்கிய பனி அதுதான். காலை உதைத்து மேலேறி, எழுந்து நிற்காமல் உருண்டே கரை சேர்கிறான்.

கொலைகாரன் மாட்டிக்கொள்வது துப்பாக்கியால். ராத்திரி அதைக் கதகதப்பான குடிசைக்குள் எடுத்துப்போகிறான். சில்லிட்ட இரும்பு வியர்க்கும், வெளியிலிருந்து வீட்டுக்குள் வந்ததும் மூக்குக்கண்ணாடி வெள்ளையாவதுபோல. காலையில் வெளியே கொண்டுவந்தால் அந்த ஈரம் உள்ளேயே உறைந்து, விசையை இழுத்தாலும் ஊசி தோட்டாவை அடிக்காது. விஷயம் தெரிந்தவர்கள் தோட்டாவை எடுத்துவிட்டு வெளியிலேயே வைப்பார்கள். எழுத்தாளர் இதை முன்னாலேயே, அடுப்புக்கு விறகு வைக்கும் ஒரு வரியில் காட்டிவிடுகிறார். நான் கவனிக்காமல் தாண்டிப் போயிருக்கிறேன்!

பட்டணத்தில் நடக்கும் பகுதிகளில் மட்டும் கை தளர்ந்துவிடுகிறது. செத்தவன் மனைவி பேசுவது எதிலும் உயிரில்லை. வில்லன் கடைசியில் இரண்டு பக்கம் விளக்கம் சொல்கிறான், அந்தக் குளிரில் உதடு அவ்வளவு அசையாது.

சின்னவன் டிசம்பரில் கேதார்காந்தா போகிறான் என்று எழுதியிருந்தீர்கள். படிக்கப் படிக்க அவன் நினைவுதான். அது 3,800 மீட்டர் உயர இமயமலைச் சிகரம், அண்ணா. ஜீன்ஸும் பருத்தி பனியனும் வேண்டவே வேண்டாம், வியர்வையைக் குடித்து உடம்போடு ஒட்டிக்கொண்டு சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி சாக்ஸ் 3 ஜோடி. அதில் ஒன்றை பிளாஸ்டிக் பையில் கட்டி ராத்திரிக்கு மட்டும் வைக்கட்டும். பூட்ஸ் இறுக்கமாக இருந்தால் ரத்தம் ஓடாது, விரல்தான் முதலில் போகும். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வைத்தால் மூடி உறையாது, ஐஸ் மேல்பக்கம்தான் கட்டும். டார்ச் பேட்டரி தூங்கும் பைக்குள் இருக்கட்டும். தலைவலியோடு வாந்தியும் வந்தால் மேலே ஏறக்கூடாது, இறங்கிவிட வேண்டும். குளிருக்கு என்று யாராவது பிராந்தி நீட்டினால் தொடக்கூடாது, அது உள்சூட்டைத் தோலுக்குக் கொண்டுவந்து விட்டுவிடும்.

அவரைக்காய் வந்துவிட்டதா? அண்ணி முறத்தைப் பரப்பிப் பிதுக்க உட்கார்ந்தால் கூடம் முழுக்க அந்த வாசனைதான் இருக்கும். இங்கே ஃப்ரீசரில் பாக்கெட்டாகக் கிடைக்கிறது, வாங்கினேன். வாசனையே இல்லை. அன்றைக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை அண்ணா.

மாடி போர்ஷன் விஷயம். பழைய குடித்தனக்காரருக்கு அட்வான்ஸ் திருப்பித் தருவதில் என் பங்கை ஜனவரியில் சேர்த்து அனுப்புகிறேன், இந்த மாதம் அதைக் கணக்கில் வைக்கவேண்டாம். புதுசாக வருகிறவர்களுக்கு 11 மாதம் என்றே பத்திரம் போடுங்கள், காலி செய்யும்போது பெயிண்ட் செலவு யாருடையது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். போன தடவை சண்டை அதில்தான் வந்தது. பெரியத்தை பெண்ணுக்கு முகூர்த்தம் குறித்துவிட்டார்களா? மொய் என் பெயரிலும் எழுதுங்கள், தொகையை அண்ணி முடிவு செய்யட்டும்.

உங்கள் அன்புத் தங்கை