காணாத வலிக்கும் கழிப்பறை வேண்டும்

ஆசிரியருக்கு,

பைப்ரோமயல்ஜியா என்னும் உடல்வலி நோயோடு குடல் எரிச்சல் நோயும் சேர்ந்து பல ஆண்டுகளாக வருந்துபவள் நான். இரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் பழுதின்றி இருந்தமையால், "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்றே நெடுங்காலம் திருப்பி அனுப்பப்பட்டேன். அமெரிக்க வாதநோயியல் கல்லூரியோ பைப்ரோமயல்ஜியாவை இனங்காண்பதற்கான நியமங்களை 1990இலேயே வகுத்துவிட்டது. வலி கூடும் நாட்களில் படுத்தே கிடக்காமல் உப்புவெளிக் கடற்கரையில் பத்து நிமிடம் மெதுவாக நடப்பதும், வெங்காயம், உள்ளி, பருப்பு ஆகியவற்றைச் சில வாரங்கள் குறைத்து, பின்னர் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்ப்பதும் (இதனை வைத்திய ஆலோசனையுடனேயே செய்தேன்) எனக்கு உதவின. ஆனால் மூதூருக்குப் பேருந்தில் செல்லும் நாளில் இவை எதுவும் போதுவதில்லை. இடைவழியில் வயிறு புரட்டினால் ஒதுங்க இடமின்றி, முதல்நாள் இரவிலிருந்தே உண்ணாமல் புறப்படுகிறேன். தரிப்பிடங்களில் பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறைகளை அமைத்துத் தருமாறு உரியவர்களை வேண்டுகிறேன்.

வாசகி ஒருவர்,
திருகோணமலை.