டாக்பெரியை ஒதுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஷேக்ஸ்பியரின் 'மச் அடூ அபௌட் நத்திங்' நாடகத்தைப் பற்றி எழுதுபவர்கள் பீட்ரிஸ், பெனடிக் வாய்ச்சண்டையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். காவல் தலைவன் டாக்பெரியும் அவனோடு வரும் கிழவர் வெர்ஜஸும் வெறும் கோமாளிகளாக ஒதுக்கப்படுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கதையின் முடிச்சை அவிழ்ப்பதே இவர்களுடைய ஆட்கள்தான். ஹீரோ என்ற பெண் மீது பழிபோட நடந்த சதியை, அதில் பங்குள்ள பொராச்சியோ தன் கூட்டாளியிடம் உளறும்போது, ராக்காவல்காரர்கள் ஒட்டுக்கேட்டு இருவரையும் பிடித்துவிடுகிறார்கள். இளவரசரே நம்பி ஏமாந்த சதி அது! திருமணத்துக்கு முன்பே டாக்பெரி ஆளுநர் லியோனாட்டோவிடம் விஷயத்தைச் சொல்லப் போகிறான். சுற்றி வளைத்துத்தான் பேசுகிறான், சரி. ஆனால் கல்யாண அவசரத்தில், நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள் என்று தட்டிக்கழிப்பவர் ஆளுநர்தானே? அப்புறம் தேவாலயத்தில் அவமானப்படுவது அவருடைய மகளான அந்த ஹீரோதான்.

1600இல் அச்சான பதிப்பில், விசாரணைக் காட்சியில் டாக்பெரி பேசும் பல இடங்களில் நடிகர் வில் கெம்ப்பின் பெயரே இருக்கிறது. அவரை மனத்தில் வைத்துத்தான் இந்தப் பாத்திரம் எழுதப்பட்டது என்று நம்புகிறேன். நேரமில்லை என்று நாடகத்தைச் சுருக்குபவர்கள் தயவுசெய்து இந்தக் காட்சிகளில் கைவைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு நாடக ரசிகர்