தொப்புளைப் பார்

அன்புள்ள நண்பா,

இங்கு அனைவரும் நலம். அங்கும் அவ்வாறே என நம்புகிறேன். உன் கடிதம் வந்து நான்கு மாதங்களாகியும் நான் பதில் எழுதாமல் இருந்தது பெருந்தவறு, பொறுத்துக்கொள். பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். மற்றச் செய்திகள் காத்திருக்கட்டும், இன்று உன்னிடம் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்.

மூன்று வாரங்களுக்கு முன் நான் விழுந்துவிட்டேன்.

பதறாதே, எழுதும் கை நன்றாகவே இருக்கிறது. மழை பெய்து ஓய்ந்த காலை அது. கடைசிப் படியிலிருந்து ஈரத் தரையில் கால் வைத்த நொடியில் குதிகால் வழுக்கி, இரண்டு கால்களும் முன்னே போய்விட்டன. அடுத்து என் நினைவில் இருப்பது ஒரு சத்தம் மட்டுமே. வலது உள்ளங்கையும் முன்கையும் ஒன்றாகத் தரையில் அறைந்த சத்தம். நான் மல்லாந்து கிடந்தேன். முகவாய் மார்போடு ஒட்டியிருந்தது. கண்கள் என் சட்டையின் கடைசிப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தன. பின்னந்தலை தரையைத் தொடவேயில்லை. ‘தொப்புளைப் பார், தொப்புளைப் பார்’ என்று நம் ஜூடோ மாஸ்டர் நம் தலைமேல் நின்று கத்தியது அப்போதுதான் காதில் கேட்டது போலிருந்தது. நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் சொன்ன சொல்லை என் கழுத்து என்னைக் கேட்காமலே நிறைவேற்றியிருக்கிறது.

ஆனால் இடது கை அவ்வாறு செய்யவில்லை. அந்தக் கையில் ஒரு பை இருந்தது. உள்ளே பழைய செய்தித்தாள்கள், வேறொன்றுமில்லை. விரல்கள் அதை விடாமல் பிடித்தபடியே பின்னால் போய் ஊன்றின. உடலின் எடை முழுவதும் நீட்டிய கையின் வழியே இறங்கியதால் மணிக்கட்டை ஒட்டிய எலும்பில் மெல்லிய விரிசல். கட்டுப் போட்டிருக்கிறார்கள், ஆறு வாரங்கள் ஆகுமாம்.

படுத்திருந்த நாட்களில் இந்த இரண்டு கைகளைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். ஐம்பத்தொன்றாம் வயதில் ராண்டோரியை, அதாவது எதிராளியோடு தடையின்றி மோதிப் பழகுவதை, நிறுத்தினேன். அதன்பின் காதாக்கள் என்னும் வரையறுத்த அசைவு வரிசைகள், எறியாமல் எறிதலின் நுழைவை மட்டும் திரும்பத் திரும்பச் செய்யும் உச்சிகோமி, கால்களுக்கும் இடுப்புக்கும் வலுவூட்டும் பயிற்சி ஆகியவற்றை ஒரு நாளும் விட்டதில்லை. என் பயிற்சி தொடர்கிறது என்று நெஞ்சார நம்பியிருந்தேன். ஆனால் இந்தப் பதினோரு ஆண்டுகளில் நான் ஒருமுறைகூட விழவில்லை. எறிவதற்கு இன்னொருவர் இல்லாதபோது விழுவதற்கு என்ன தேவை என்று எண்ணி, கலையின் முதல் பாடத்தையே முதலில் கைவிட்டிருக்கிறேன்.

1882இல் ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ பன்னிரண்டு பாய்கள் விரித்த சிறு இடத்தில் ஒன்பது மாணவர்களுடன் கோடோகான் என்னும் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார் என்று மாஸ்டர் அடிக்கடி சொல்வார், நினைவிருக்கிறதா? அத்தனை சிறிய இடத்தில் ஒருவரையொருவர் எறிந்து பழக வேண்டுமானால் முதலில் ஒவ்வொருவருக்கும் விழத் தெரிந்திருக்க வேண்டும் என்று விளக்குவார். நாமோ அடிபடாமல் விழும் முறையான உகேமியைத் தொடக்கக்காரர்களின் வேலையாக எண்ணி, எதிராளியின் காலை வாரிப் பின்புறமாக வீழ்த்தும் ஒசோட்டோகாரியை எப்போது கற்றுத் தருவார் என்று காத்திருந்தோம். நன்றாக விழத் தெரியாதவனின் பின்னந்தலைக்கு அந்த எறிதலைவிட ஆபத்தானது வேறில்லை என்பது அந்த வயதில் நமக்கு எங்கே புரிந்தது!

எறிதல் இல்லாமலும் மனிதர்கள் விழுகிறார்கள். உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள் என்று உலகச் சுகாதார அமைப்பு மதிப்பிடுகிறது. இறப்பு விகிதம் மிக அதிகமாக இருப்பது அறுபதைக் கடந்தவர்களிடம். நீயும் நானும் அந்தக் கணக்குக்குள் வந்துவிட்டோம். இனி நம் வாழ்வில் நம்மை யாரும் காலரைப் பிடித்து எறியப்போவதில்லை. ஈரத் தரையும் இருட்டில் தெரியாத படியும்தான் நம் எதிராளிகள்.

ஆகவேதான் உன் கடிதத்தின் கடைசிப் பத்தி என்னை இவ்வளவு வருத்துகிறது. முழங்காலைக் காரணம் காட்டி உடையை மடித்து வைத்துவிட்டேன், அறுபதோடு போதும் என்று எழுதியிருக்கிறாய். மருத்துவர் தடுத்தது எறிதலை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஜூடோ ஆசிரியை கெய்கோ ஃபுகுடாவை நினைத்துப் பார். 1935இல் கோடோகானில் சேர்ந்தவர். 2011இல் தொண்ணூற்றெட்டாம் வயதில் அமெரிக்காவில் ஜூடோவின் மிக உயர்ந்த தரமான பத்தாம் டான் பெற்றார். 2013இல் தம் தொண்ணூற்றொன்பதாம் வயதில் மறைந்தார். அவர் வாழ்நாளெல்லாம் போற்றிக் கற்பித்த ஜூ நோ காதாவில் எந்த எறிதலும் விழுதல் வரை போவதில்லை. முழங்காலுக்கு ஏற்றபடி பயிற்சியை மாற்றிக்கொள்ள வழி இருக்கும்போது நீ ஏன் முழுவதுமாக விட வேண்டும்?

நான் வலப்பக்கம் மட்டும் மீண்டும் தொடங்கிவிட்டேன். தடித்த பாயில் மல்லாந்து படுத்து, தலையைத் தூக்கி, கையை உடலிலிருந்து சற்றே விலக்கி, மூச்சை வெளியே விட்டபடி கையால் பாயில் இருபது முறை அறைதல். அடுத்து உட்கார்ந்த நிலையிலிருந்து முதுகை உருட்டிப் பின்னே சாய்தல். கட்டு பிரித்த பிறகே குந்திய நிலை. நின்று விழுவதற்கு அவசரமில்லை. இன்னொன்றும் புரிந்தது. கடினமான தரையில் கையால் ஓங்கி அறைவதைவிட முதுகு வளைந்திருப்பதும் தலை உயர்ந்திருப்பதும்தான் காப்பாற்றுகின்றன. நாம் சத்தத்தை மட்டும் பெருமையாக நினைத்துப் பழகியிருந்தோம். இப்போது கையில் ஒரு துணிச்சுருளைப் பிடித்துக்கொண்டு, சாயும் அந்தக் கணத்திலேயே அதை விட்டுவிடப் பழகுகிறேன். எளிதாகத் தோன்றும், ஆனால் பத்தில் நான்கு முறை விரல்கள் திறக்க மறுக்கின்றன.

முதலில் எலும்பின் அடர்த்தியைப் பரிசோதித்து, மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு நீயும் தொடங்கு. படுத்த நிலையில் செய்வதற்கு முழங்கால் தடையாக இராது. உனக்கு எப்போதும் இடப்பக்கம் விழ அச்சம். அதனாலேயே மாஸ்டர் தினமும் உன் இடப்பக்கம் வந்து நிற்பார், நெட்டையன் அதைப் பார்த்துச் சிரிப்பான். உன் அடுத்த கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. இடப்பக்கம் எத்தனை என்று மட்டும் எழுது.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்