மாஸ்டர் பால் உருண்டையைப் பூட்டி வைக்காதீர்கள்

பொது வசதி மைய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் உலோகம் வெட்டும் ஐந்து அச்சு (5-axis) மெஷினில் ஓட்டிய டைட்டானியம் பிளிஸ்க் (ஜெட் எஞ்சினின் இறக்கைச் சக்கரம்), சி.எம்.எம். என்ற அளவு பார்க்கும் மெஷின் சோதனையில் ரிஜெக்ட் ஆனது உங்களுக்குத் தெரியும். பழியை ஆபரேட்டர் தலையில் போட்டு மெமோவும் கொடுத்துவிட்டீர்கள். அதனால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

பிளிஸ்க்கில் டிஸ்க்கும் பிளேடுகளும் ஒரே துண்டு. ஒரு பிளேடு கெட்டாலும் கழற்றி மாற்ற வழியில்லை. அந்தத் துண்டின் பிளேடு விளிம்பில், இரண்டு பக்க ஃபினிஷ் கட்டும் (கடைசி நுண் வெட்டு) சேரும் இடத்தில், நகத்தை வைத்து இழுத்தால் படி தட்டுகிறது. டூல் தேயவில்லை, புரோகிராமிலும் பிழையில்லை. மெஷின் சூடேறியதில் டேபிள் சுழலும் மையம் நகர்ந்திருக்கிறது. கன்ட்ரோலரில் பழைய மதிப்பே கிடக்கிறது. மையம் 10 மைக்ரான் விலகியிருந்தால், டேபிள் 180 டிகிரி திரும்பும்போது வேலை 20 மைக்ரான் தள்ளிப்போகும். டேபிள் சுழலாத சாதாரண மூன்று அச்சு வேலையில் இந்தக் கோளாறு கண்ணில் படாது.

டேபிளில் மாஸ்டர் பாலை, அதாவது அளவு துல்லியமாகத் தெரிந்த உருண்டையை வைத்து, பல கோணங்களில் புரோப் என்ற தொட்டு அளக்கும் கருவியால் தொட்டு, மையத்தைக் கண்டுபிடித்துப் பதிய வேண்டும். ஃபினிஷ் கட்டுக்கு முன் அந்த ஆபரேட்டர் தம்பி அதைத்தான் கேட்டான். மாஸ்டர் பால் ஸ்டோர் பீரோவில் இருந்தது. "கீறல் விழுந்தால் யார் பொறுப்பு?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். கடைசியில் கீறல் விழுந்தது கஸ்டமர் கொடுத்த ஃபோர்ஜிங்கில், அதாவது பிளிஸ்க் செய்யக் கொடுத்த மூல உலோகத் துண்டில். ஹீட் நம்பரோடு (உலோகம் உருக்கிய தொகுதியின் எண்) கணக்கு வைத்துக் கொடுத்த பொருள் அது. வேறொன்றைக் கடையில் வாங்கி ஈடுகட்ட முடியாது. எழுத்தில் விளக்கம் கொடுத்துவிட்டு, அடுத்த ஆர்டர் வருமா என்று காத்திருப்பது நாங்கள்.

2019-ல் தமிழ்நாட்டில் ராணுவத் தளவாடங்களுக்கான பாதுகாப்புத் தொழில் வழித்தடம் என்றார்கள், கோவையும் அதில் ஒரு முனையம் என்றார்கள். 2023-ல் எஃப்414 போர் விமான எஞ்சினை இந்தியாவிலேயே செய்வதற்கு அரசு விமான நிறுவனமான எச்.ஏ.எல்லும் அமெரிக்காவின் ஜி.இ.யும் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டன. மேடைதோறும் எங்களைப் போன்ற சிறு பட்டறைகளின் பெயரைச் சொல்கிறீர்கள். வருகிறவர்களுக்கெல்லாம் அந்த மெஷினைச் சுற்றிக் காட்டுகிறீர்கள். ஆனால் அதன் மையத்தைச் சரிபார்க்கும் உருண்டை பீரோவை விட்டு வெளியே வருவதில்லை! கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேட்பது இதுதான். ஒவ்வொரு ஃபினிஷ் கட்டுக்கும் முன்னால் சுழல் மையத்தைச் சரிபார்க்க மாஸ்டர் பாலைக் கொடுங்கள். அந்த நேரத்துக்கு மணி வாடகை போடாதீர்கள். அளவை மெஷின் பக்கத்திலேயே பதிவேட்டில் எழுதி வையுங்கள், அடுத்து வருகிறவரும் பார்க்கட்டும். அந்தத் தம்பிக்குக் கொடுத்த மெமோவையும் தயவுசெய்து திரும்பப் பெற வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஜாப் ஆர்டர் பட்டறைக்காரர், கோவை