பெரட்டுக்கு வந்தவர்களுக்கு

சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத்துப் பாட்டிகளுக்கும் தாத்தாக்களுக்கும், எங்களைப் பொறுத்துக்கொண்ட அம்மா அப்பாக்களுக்கும், திடலுக்கு வந்த எல்லாருக்கும் வணக்கம்.

‘பெரட்டு’ நாடகம் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. மறுநாளே எழுதியிருக்க வேண்டிய மடல் இது. 14 பேரும் உட்கார்ந்து யாருக்கெல்லாம் நன்றி சொல்வது என்று பட்டியல் போட்டோம். போடப்போட நீண்டது, கடைசியில் சண்டையில் முடிந்தது. எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். யாராவது விடுபட்டிருந்தால் என்னைத் திட்டுங்கள், மற்ற 13 பேரை விட்டுவிடுங்கள்.

முதல் நன்றி கோலாலம்பூரிலிருந்து ஞாயிறுதோறும் பஸ் ஏறி வந்து பட்டறை நடத்திய அண்ணனுக்கு. நாடகம் என்றால் வசனம், ஒட்டு மீசை, மைக். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். அவர் மூன்றையும் எடுத்துவிட்டார். முதல் இரண்டு ஞாயிறும் நடக்க மட்டுமே விட்டார். வேகமாக, மெதுவாக, கண்ணை மூடிக்கொண்டு, அடுத்தவர் தோளில் கை வைத்துக்கொண்டு. மேடையும் விளக்கும் இல்லாமல் மக்கள் நடுவிலேயே நாடகம் போட்ட வங்காளத்துப் பாதல் சர்க்கார் பற்றிச் சொன்னார். 1980இல் சென்னைச் சோழமண்டலத்தில் சர்க்கார் நடத்திய பட்டறை தமிழ் நவீன நாடகக்காரர்கள் பலரை உலுக்கியதாம். பார்ப்பவரே நாடகத்தை நிறுத்திவிட்டு உள்ளே வந்து நடிக்கலாம் என்ற பிரேசில்காரர் அகஸ்தோ போவால் பற்றியும் சொன்னார். இரவு ஷிப்ட் முடித்து நேராக வந்த இரண்டு பேர் அதற்குள் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார்கள். மன்னித்துவிடுங்கள் அண்ணே.

ரப்பர்த் தோட்டத்து வாழ்க்கையை நாடகமாக்குவோம் என்று ரொம்பத் தைரியமாக முடிவெடுத்தோம். எங்கள் 14 பேரில் ஒருவர்கூடப் பால்மரம் வெட்டியதில்லை. விவரம் தெரிந்த நாளிலிருந்து எங்களைச் சுற்றி இருப்பது செம்பனை, எண்ணெய் எடுக்கும் பனை. இருப்பது தாமான் குடியிருப்பு வீட்டில், வேலை ஈப்போவில். பெரட்டு என்ற சொல்லே பாதிப் பேருக்குப் புதிது. விடியுமுன் ஆளெடுக்க எல்லாரையும் வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவது பெரட்டு என்று ஒருத்தி வீட்டில் கேட்டு வந்து சொன்னாள். அதுவே நாடகத்தின் பெயர் ஆனது.

மூன்றாவது ஞாயிறு அவள் தன் பாட்டியோடு வந்தாள். அவர் சொல்லித்தர வரவில்லை. கிளினிக்கிலிருந்து வீட்டுக்குப் போக வேறு வண்டி இல்லை, அதனால் வந்தார். ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் மரம் வெட்டும் காட்சியைச் செய்துகொண்டிருந்தோம். ஒருவன் மரமாக நிற்பான், ஒருத்தி காற்றில் கத்தியை ஓங்கி இழுப்பாள், பின்னால் நாங்கள் ‘ஓ’வென்று குரல் கொடுப்போம். எங்களுக்கே புல்லரித்தது. பாட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“மரத்தக் கொல்றியா, பால் எடுக்கிறியா?”

எழுந்து வந்து கோடு போட்டுக் காட்டினார். இடது பக்கம் மேலே தொடங்கி வலது பக்கம் கீழே சரிய வேண்டும். பட்டைக்குள் பால் குழாய்கள் சாய்ந்து ஓடுகின்றன, அப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய் அறுபடும் என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டோம். பாட்டி சொன்ன காரணம் வேறு: “அப்படித்தான் வெட்டணும்.” கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும், அந்த இடத்தில் பட்டை ஒழுங்காக வளராது, கங்காணி பார்த்தால் ஏச்சு. வெயில் ஏறினால் பால் சீக்கிரம் நின்றுவிடும், அதனால்தான் இருட்டில் வேலை. மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது, அன்றைய கூலியும் போச்சு.

மரமாக நின்ற பையனின் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்து, அவன் முழங்காலுக்கு மேலே விரலால் ஒரு கோடு இழுத்தார். 71 வயது. முழங்கால் மடங்கவில்லை, இடுப்பு மட்டும் மடிந்தது. அங்கிருந்து அடுத்த ‘மரத்துக்கு’ப் போனார் பாருங்கள், அந்த அடியை நடை என்பதா ஓட்டம் என்பதா என்று இன்னும் எங்களுக்குத் தெரியவில்லை. ஒரு நாளைக்கு 400, 500 மரம் வெட்டியவரின் கால் அது. எங்கள் நாடகத்தில் வசனம் குறைவு, அந்த அடிதான் அதிகம். அதைப் பழக ஐந்து ஞாயிறு பிடித்தது. இன்னும் வரவில்லை என்பது பாட்டியின் கட்சி.

அதற்குப் பிறகு பாட்டி விடவில்லை. தன் சேக்காளிகளையும் கூட்டி வந்தார். வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் வேலை பார்த்த இன்னொரு பாட்டி, ஏணை (துணித் தொட்டில்) கட்டும் முடிச்சைப் போட்டுக் காட்டி, ஒரே சமயத்தில் மூன்று ஏணையை ஆட்டுவது எப்படி என்று சொல்லித் தந்தார். இரண்டு கைக்கு இரண்டு, மூன்றாவதுக்குக் கால். அந்தக் காட்சிக்கு நாங்கள் எதுவுமே சேர்க்கவில்லை.

வேன் கொடுத்து, தானே ஓட்டியும் வந்த அங்கிளுக்கு நன்றி. எல்லாரும் கோலகங்சார் போய் அந்தப் பழைய ரப்பர் மரத்தைப் பார்த்தோம். 1877இல் சிங்கப்பூருக்கு வந்து இறங்கிய 22 கன்றுகளில் ஒன்பது கோலகங்சாருக்குப் போயின. அவற்றில் மிஞ்சி நிற்பது இது ஒன்று. நாங்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தோம். பாட்டி மரத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இதாலதானா என் இடுப்பு போச்சு” என்றார். வேனில் திரும்பும்போது யாரும் பாட்டுப் போடச் சொல்லவில்லை.

தருகிறோம் என்று சொன்ன ஒரு மண்டபம், நாடகத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது இல்லை என்றுவிட்டது. காரணம் கேட்டோம், வசனம் எங்கே என்று கேட்டார்கள். எழுதிய வசனம் இல்லை என்றோம், அதுதான் காரணம் என்றார்கள். அன்று ரொம்பக் கோபம். இப்போது அவர்களுக்கும் ஒரு நன்றி, ஏனென்றால் அதனால்தான் கோயில் திடலுக்கு வந்தோம். கோயில் கமிட்டிக்காரர்கள் இரண்டே நிபந்தனை போட்டார்கள். பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது, குப்பை கிடக்கக் கூடாது. வசனத்தை யாரும் கேட்கவில்லை.

பகல் வெளிச்சத்திலேயே முடித்துவிடலாம் என்று ஆறு மணிக்குத் தொடங்கினோம். 45 நிமிட நாடகம் இரண்டு மணி நேரம் போனது. நீங்கள்தான் காரணம்.

சிவப்பு அட்டைக் காட்சியைச் சொல்கிறேன். இங்கேயே பிறந்து வளர்ந்தும் குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை கிடைக்காமல் சிவப்பு அட்டையோடு இருக்கும் ஒருவர் அலுவலக முகப்பில் உட்கார்ந்து மனுக் கொடுப்பார். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அன்றைக்கு முன்வரிசையிலிருந்து ஒரு தாத்தா கையைத் தூக்கினார். உள்ளே வந்து, நடித்துக்கொண்டிருந்தவனை எழுப்பி, நாற்காலியைத் தூக்கித் தள்ளி வைத்தார். “அங்க நாற்காலி கெடையாது தம்பி.” பிறகு சட்டைக்குள்ளிருந்து எடுப்பதுபோல் ஒரு பிளாஸ்டிக் பை எடுத்தார். அதிலிருந்து ஒவ்வொரு தாளாக எடுத்து நீவி வைத்தார். தோட்டத்துக் கடிதம், பள்ளிக்கூடத்துக் கடிதம், அம்மாவின் இறப்புப் பத்திரம். அதிகாரியாக நடித்தவள் என்ன சொல்வது என்று தெரியாமல், “அடுத்த மாதம் வாங்க” என்றாள். தாத்தா எல்லாத் தாளையும் திரும்ப மடித்துப் பைக்குள் வைத்தார், ஒரு சுற்று நடந்தார், மறுபடி முகப்புக்கு வந்து முதல் தாளிலிருந்து தொடங்கினார். நான்கு முறை. அவரை யார் நிறுத்துவது? நாங்கள் நிறுத்தவில்லை. தாத்தா, அந்தக் காட்சி இனி உங்களுடையது. அடுத்த முறை எங்கே போட்டாலும் நாற்காலி இருக்காது.

இருட்டிவிட்டது. விளக்கு இல்லாத நாடகம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அப்போது மோட்டாரை வட்டமாக நிறுத்தி ஹெட்லைட் போட்டு எங்களைக் காப்பாற்றிய அண்ணன்மார்களுக்கு நன்றி. அதில் ஒரு மோட்டார் என் அப்பாவுடையது. “வேல இல்லாம கூத்தாடப் போறியா” என்று மூன்று மாதம் கேட்டவர். ஹெல்மெட்டைக் கழற்றாமல் கடைசிவரை மோட்டாரிலேயே உட்கார்ந்திருந்தார். வீட்டில் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. பேட்டரி போய்விட்டது என்று மட்டும் சொன்னார்.

கணக்கு. மொத்தச் செலவு 1,840 வெள்ளி. பெரும்பகுதி உங்கள் உண்டியல் காசு. தோட்டத்தில் ஆட்களை மேற்பார்த்து ஓய்வுபெற்ற தண்டல் ஒருவர் பத்து வெள்ளித் தாளைப் போட்டுவிட்டு, அந்தக் காலத்தில் அமைச்சராக இருந்த துன் சம்பந்தனும் பத்துப் பத்து வெள்ளியாகத்தான் கேட்டார், தோட்டமே வாங்கினோம் என்றார். 1960இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தைச் சொல்கிறார். எங்களால் அவ்வளவு முடியாது தாத்தா, மிச்சம் 63 வெள்ளிதான். அது அப்பாவின் பேட்டரிக்கு என்று மற்றவர்கள் சொல்கிறார்கள், நான் வாக்களிக்கவில்லை.

மீகூன் கிண்டித் தந்த ஆன்ட்டிகள், பழைய கைலிகளை வெட்டித் தலைத்துண்டு தைத்துத் தந்த டெய்லர் அக்கா, ஷிப்ட் மாற்றிக் கொடுத்த சூப்பர்வைசர், எல்லாருக்கும் நன்றி.

ஒரு விஷயம் பாக்கி. இரவல் வாங்கிய வாளி, பால் பிடிக்கும் மங்கு, தலைவிளக்கு எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டோம். பால் வாளிகளைத் தோளில் தூக்கும் காண்டாக் கம்பு ஒன்று மட்டும் யாருடையது என்று தெரியவில்லை. நடுவில் தோள் பட்டு வழவழவென்று தேய்ந்திருக்கிறது, ஒரு முனையில் சிவப்புப் பெயிண்டில் 7 என்று எழுதியிருக்கிறது. கோயில் ஸ்டோரில் வைத்திருக்கிறோம். உங்களுடையது என்றால் சொல்லி அனுப்புங்கள், வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறோம்.

அன்புடன்,
‘பெரட்டு’ நாடகப் பிள்ளைகள் 14 பேர் சார்பில்
சுங்கை சிப்புட், பேராக்