துளை போடும் முன் கையைப் பிடித்து நிறுத்தியவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

விமானத் தொழிற்சாலையில் எங்கள் பயிற்சிக்காலம் முடிந்து அடையாள அட்டைகளைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. அசெம்ப்ளிக் கூடம், டூல் கிரிப் (கருவிகளும் உதிரிபாகங்களும் தரும் இடம்), காம்போசிட் (கார்பன் இழையும் பிசினும் சேர்ந்த பாகம் செய்யும்) அறை, அளவீட்டு அறை, ஸ்ட்ரெஸ் (பாகம் சுமை தாங்குமா என்று கணக்கிடும்) பிரிவு என்று எங்களை ஏற்றுக் கற்றுத்தந்த எல்லோருக்கும் சேர்த்து இந்த மடலை எழுதுகிறோம். "ஒத்துழைப்புக்கு நன்றி" என்று ஒரு வரியில் முடித்துக்கொண்டால் யார் எதைக் கொடுத்தார்கள் என்பதே தெரியாமல் போகும். அதனால் கற்றுக்கொடுத்ததை அளவோடும் காரணத்தோடும் எழுதியே நன்றி சொல்கிறோம். அடுத்து வரும் குழுவும் படித்துக்கொள்ளட்டும்.

முதல் நன்றி ரிவெட் பெஞ்சில் நின்ற அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும். பாடப்புத்தகத்தில் ரிவெட் என்பது ஒரு வெட்டுவிசைக் கணக்கு. பெஞ்சுக்கு வந்தால் ரிவெட்டைவிடத் துளைதான் பெரிய வேலை. 3.2 மி.மீ. ரிவெட்டுக்கு முதலில் 40-ஆம் எண் பிட்டில், அதாவது சுமார் 2.5 மி.மீ. அளவில், வழித்துளை. அதில் வெள்ளி நிற கிளீக்கோவை, அதாவது தகடுகளைத் தற்காலிகமாகச் சேர்த்துப் பிடிக்கும் ஸ்பிரிங் பிடியை, போட்டுத் தகடுகளை இறுக்கிக்கொண்டு, 30-ஆம் எண் பிட்டில் 3.26 மி.மீ.க்கு இறுதித் துளை. பிறகு செம்பு நிற கிளீக்கோ. இந்த வரிசையில் ஒன்றைக்கூடத் தாண்ட விடவில்லை. கிளீக்கோ போதாமல் தகடுகளுக்கு நடுவே சந்து விழுந்தால், டிரில் செய்யும்போது சீவல் அந்தச் சந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அதன் மேலேயே ரிவெட் அடித்தால் தகடுகள் சேராது. ரிவெட்டின் உடல் நடுவில் பிதுங்கி நிற்கும். நாளடைவில் பிடிப்புத் தளர்ந்து உலோகத்தோடு உலோகம் உராய, அலுமினியத் தூள் கருத்துப்போய்க் காற்று ஓடும் திசையில் கோடாக வழியும். "புகைவிடும் ரிவெட்" என்று அவர்கள் காட்டிய பழைய தகட்டில் ரிவெட் தலையின் பின்பக்கம் மை தடவி இழுத்ததுபோல ஒரு வால் இருந்தது. ஏன் பிரித்து, பிசிறெடுத்து, துடைத்து, மறுபடி பூட்ட வேண்டும் என்பதற்கு அந்த வால் ஒன்றே போதும்.

பிசிறெடுப்பதிலும் ஒரு அளவு இருக்கிறது. பெரிய பிட்டைக் கையில் பிடித்து ஒரு சுற்று, மிஞ்சினால் இரண்டு சுற்று. விரல் நுனியில் உறுத்தல் போனால் நிறுத்திவிட வேண்டும். மெஷினில் மாட்டி எடுத்தால் துளை வாயில் சரிவு விழுந்து, ரிவெட் தாங்கும் பரப்பு குறைந்துவிடும். மெல்லிய தகட்டில் தலை பதிக்கக் குழி வெட்டும்போது இன்னும் கவனம் தேவை: குழியின் ஆழம் தகட்டின் முழுத் தடிப்பையும் தின்றுவிட்டால் அடியில் கத்திமுனைபோல ஒரு விளிம்பு மிஞ்சும். விரிசல் பிறக்க அதைவிட வசதியான இடம் கிடையாது.

ரிவெட் அடிப்பதற்கு அவர்கள் சொன்ன அளவுகள் மனப்பாடமாகிவிட்டன. தகடுகளைத் தாண்டி விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு வெளியே நீட்டியிருக்க வேண்டும், 3.2-க்கு 4.8 மி.மீ. அடித்து முடித்தபின் உருவாகும் தலையின் அகலம் ஒன்றரை மடங்கு, உயரம் அரை மடங்கு, அதாவது 1.6 மி.மீ. நீட்டல் அதிகமானால் ரிவெட் ஒரு பக்கமாக மடங்கும். குறைந்தால் தலை சிறுத்துப்போகும். பின்பக்கம் தாங்கிப் பிடிக்கும் இரும்புக் கட்டியான பக்கிங் பார் நேராக அமராவிட்டால் தலை சாயும். சாய்ந்ததை நிமிர்த்துகிறேன் என்று மேலும் மேலும் அடித்தால் உலோகம் இறுகி ஓரம் வெடிக்கும். ஃபிரீசரில் வைத்திருக்கும் 2024 ரக அலுமினியக் கலவை ரிவெட்டுகளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பேசக்கூடாது. வெளியே வந்த சில நிமிடங்களிலேயே அவை கெட்டிப்படத் தொடங்கிவிடும்.

தலைப்பில் சொன்ன "கையைப் பிடித்து நிறுத்தியது" இங்கேதான். தப்பிய ரிவெட்டை எடுக்கும்போது தலையின் ஆழத்துக்கு மட்டும் டிரில் செய்து, பஞ்ச் என்ற தட்டுக் கருவியால் தலையைத் தட்டிவிட்டு, பின்பக்கம் தாங்கு கொடுத்து உடலை வெளியே தள்ள வேண்டும். அவசரப்பட்டு முழுவதும் டிரில் செய்தால் துளை பெரிதாகிவிடும். பெரிதானால் அடுத்த அளவு ரிவெட் போட்டுவிடலாம் என்றுதான் எந்த மாணவருக்கும் தோன்றும். துளையின் மையத்திலிருந்து தகட்டின் ஓரம் வரை குறைந்தது இரண்டு விட்டம் இருக்க வேண்டும் என்பது விதி. 3.2-க்கு 6.4 மி.மீ. போதும், 4 மி.மீ. ரிவெட்டுக்கு 8 வேண்டும். ஓரம் 7 மி.மீ.தான் என்றால் பழைய ரிவெட்டுக்குச் சரியாக இருந்த இடம் புதியதற்குத் தவறாகிவிடுகிறது. அதற்குமேல் டெக்னீஷியனோ பயிற்சி மாணவரோ தீர்மானிக்க முடியாது. குறைபாட்டுச் சீட்டு எழுதி டிசைன் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். டிரில்லைக் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு ஸ்கேலை எடுத்து நீட்டினார்களே, அதற்காகத்தான் இந்த நன்றி.

டூல் கிரிப் கவுன்டரில் இருப்பவர்களிடம் முதல் வாரத்தில் எல்லோருக்குமே கொஞ்சம் வருத்தம் இருந்தது. ஒரு சிறு பிட்டுக்கும் கையெழுத்து, திருப்பித்தரும்போது எண்ணிக்கை, உடைந்திருந்தால் உடைந்த துண்டுகளைச் சேர்த்துவைத்து முழுதாகக் காட்டினால்தான் புதியது. பலகையில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் வடிவத்திலேயே நிழல் வெட்டியிருக்கும். ஒன்று குறைந்தால் தூரத்திலிருந்தே தெரியும். கிடைக்கும் வரை அந்தப் பகுதியை மூட விடமாட்டார்கள். 2000 ஜூலை 25 அன்று பாரிஸ் அருகே கான்கார்டு விமானம் விழுந்த கதையை அவர்கள்தான் சொன்னார்கள். சற்று முன் புறப்பட்ட இன்னொரு விமானத்திலிருந்து ஓடுபாதையில் விழுந்துகிடந்த, அரை மீட்டர்கூட இல்லாத டைட்டேனியம் பட்டை டயரைக் கிழித்தது. டயர்த் துண்டு மோதி எரிபொருள் தொட்டி உடைந்தது. 113 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் கையெழுத்து யாருக்கும் சுமையாகத் தெரியவில்லை.

அதே கவுன்டரில் டார்க் ரெஞ்ச் (முறுக்கை அளந்து போல்ட்டை இறுக்கும் கருவி) பற்றி நடந்த அரை மணி நேரப் பாடத்துக்குத் தனியாக நன்றி. போல்ட்டுக்குக் கொடுக்கும் முறுக்கில் சுமார் பாதி தலைக்கு அடியிலுள்ள உராய்விலும், நாற்பது சதவீதம் மரையின் உராய்விலும் போய்விடும். போல்ட்டை இழுத்துப் பிடிக்க மிஞ்சுவது பத்தில் ஒரு பங்குதான். அதனால் உலர்ந்த மரைக்கு எழுதிய முறுக்கை எண்ணெய் தடவிய மரைக்குக் கொடுத்தால் இழுவிசை மூன்றில் ஒரு பங்கு வரை கூடிவிடலாம். எந்த நிலைக்கு எழுதியது என்று டிராயிங்கில் பார்க்காமல் ரெஞ்சைத் தொடாதே என்றார்கள். முனையில் நீட்டிப்பு மாட்டினால் அளவு மாறும் என்பதும் அன்றைக்குத்தான் கையில் பதிந்தது: ரெஞ்சின் நீளம் 300 மி.மீ., நேராக நீட்டிய துண்டு 50 மி.மீ., தேவை 28 நியூட்டன் மீட்டர் என்றால், 28-ஐ 300-ஆல் பெருக்கி 350-ஆல் வகுத்து 24-இல் வைக்க வேண்டும். நீட்டிப்பைச் செங்கோணத்தில் திருப்பி மாட்டினால் திருத்தம் தேவையில்லை. வேலை முடிந்ததும் ரெஞ்சைக் குறைந்தபட்ச அளவுக்குத் தளர்த்தி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் சோர்ந்துபோகும்.

உதிரிபாகம் வழங்குபவர்களோ, கையில் பழைய போல்ட்டைக் கொண்டுபோய் "இதேபோல ஒன்று" என்று கேட்டால் தரவே மாட்டார்கள். பாக எண் வேண்டும், டிராயிங்கின் எந்தத் திருத்தம் என்று காட்டும் ரிவிஷன் எழுத்தும் வேண்டும். 1990 ஜூன் 10 அன்று பிஏசி ஒன்-லெவன் விமானம் ஒன்றின் காக்பிட் கண்ணாடி நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. அந்தப் பயணத்துக்கு 27 மணி நேரம் முன்பு கண்ணாடியை மாற்றியபோது போட்ட 90 போல்ட்டுகளில் 84 விட்டத்தில் 0.66 மி.மீ. சிறியவை, மீதி ஆறும் நீளம் குறைந்தவை. பழையதோடு ஒப்பிட்டுக் கண்ணால் எடுத்தவை. பாதி உடல் வெளியே தொங்கிய கேப்டன் உயிர் பிழைத்தார். 0.66 மி.மீ. வித்தியாசத்தைக் கண்ணால் கண்டுபிடித்துக் காட்டு என்று இரண்டு போல்ட்டுகளை மேஜையில் வைத்தார்கள். முடியவில்லை.

காம்போசிட் அறைக்கு வருகிறோம். பிரிப்ரெக், அதாவது பிசின் ஊறிய கார்பன் இழைத் துணி, சுருளாக மைனஸ் 18 டிகிரியில் இருக்கும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கை துறுதுறுக்கும். பிரித்தால் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த பிசின் மேல் வியர்த்துப் படியும். ஆட்டோகிளேவ் என்ற அழுத்த அடுப்பில் அது ஆவியாகி அடுக்குகளுக்கு நடுவே குமிழாகத் தங்கும். மூடிய பையோடு அறை வெப்பத்துக்கு வரும் வரை காத்திருக்க வேண்டும். பெரிய சுருளுக்குப் பல மணி நேரம் ஆகலாம். வெளியே இருக்கும் ஒவ்வொரு மணியும் சுருளின் அட்டையில் ஏறும். கணக்குத் தீர்ந்தால், பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் அந்தச் சுருளைத் தொடக்கூடாது.

அடுக்கும்போது அவர்கள் கட்டாயப்படுத்திய பழக்கம், உரித்த ஒவ்வொரு பின்தாளையும் ஒரு பெட்டியில் போட்டு எண்ணுவது. பதினாறு அடுக்கு என்றால் பெட்டியில் அதற்குரிய எண்ணிக்கையில் தாள் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தால் அது உள்ளேதான் இருக்கிறது, அந்த இடம் ஒட்டவே ஒட்டாது. அடுக்கின் வரிசை நடுத்தளத்துக்கு இருபுறமும் கண்ணாடிப் பிம்பம்போல இல்லாவிட்டால், ஆறும்போது பாகம் அப்பளம்போல வளைந்துகொள்ளும். சில அடுக்குகளுக்கு ஒருமுறை மேலே பை மூடிக் காற்றை உறிஞ்சி, வெற்றிடம் வைத்து அமுக்க வேண்டும். வெற்றிடப் பையை மூலைகளில் இறுக்கி இழுத்தால் அது உள்மூலையைத் தொடாமல் பாலம்போல நிற்கும். அழுத்தம் அங்கே போகாது, பிசின் தேங்கிக் குமிழ் விழும். அதனால் மூலைகளில் பையை மடிப்பு வைத்துத் தாராளமாக விட வேண்டும். 180 டிகிரி, 7 பார் அளவில் வேகும் பாகத்துக்கு இந்த மடிப்புதான் உயிர்.

அடுக்குகளை வைக்கும் அச்சு ஏன் இவ்வளவு விலையுயர்ந்த இன்வாரில் (வெப்பத்தில் மிகக் குறைவாக நீளும் உலோகக் கலவையில்) என்ற கேள்விக்கு வெள்ளைப் பலகையில் ஒரே ஒரு கணக்கு போட்டார் மூத்த பொறியாளர் மேடம். ஒரு மீட்டர் அலுமினிய அச்சு 20-லிருந்து 180 டிகிரிக்குப் போனால் சுமார் 3.7 மி.மீ. நீளும், கார்பன் அடுக்கு கிட்டத்தட்ட நீளாது. செங்கோண அச்சில் செய்த பாகம் வெளியே வரும்போது ஒரு டிகிரி அளவுக்கு உள்ளே மடங்கும் என்றும், அதை முன்கூட்டியே அச்சில் திறந்து வைக்க வேண்டும் என்றும் அவர் சொன்னபோது, குறிப்பேட்டில் முழுப் பக்கம் நிறைந்தது.

அளவீட்டு அறையில் பாகத்தை முதல் நாளே வைத்துவிட்டு மறுநாள் அளக்கச் சொன்னதன் காரணமும் வெப்பம்தான். டிராயிங்கிலுள்ள எல்லா அளவும் 20 டிகிரிக்கு உரியவை. ஐந்து டிகிரி கூடுதல் என்றால் ஒரு மீட்டர் அலுமினியத்தில் 0.115 மி.மீ. வந்துவிடும். குறைபாட்டுச் சீட்டை எழுதக் கற்றுக்கொடுத்த இன்ஸ்பெக்டர் சாருக்கும் நன்றி: எங்கே, எவ்வளவு இருக்க வேண்டும், எவ்வளவு இருக்கிறது, எதால் அளந்தது. ஊகம் ஒரு சொல்கூட வேண்டாம் என்று சிவப்பு மையில் அடித்தார்.

ஸ்ட்ரெஸ் பிரிவில், பாகத்தின் கணினி மாடல் காட்டும் அழுத்த வண்ணப்படத்தை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. முதல் கேள்வி, தாங்கிகளில் வந்த எதிர்விசைகளின் கூட்டல் கொடுத்த சுமைக்குச் சமமா? இரண்டாவது, எல்லாத் தாங்கிகளையும் எடுத்துவிட்டு அதிர்வெண் பார்த்தாயா? கட்டற்ற முப்பரிமாண மாடலுக்கு பூஜ்ஜியத்துக்கு அருகில் சரியாக ஆறு அதிர்வெண்கள் வர வேண்டும். ஏழாவது வந்தால் எங்கோ ஒரு பாகம் ஒட்டாமல் தொங்குகிறது. வண்ணப்படத்தில் அது தெரியாது. மூன்றாவது, அலகு. மில்லிமீட்டர், நியூட்டன் என்று வேலை செய்தால் நிறை டன்னில்தான் வரும். அலுமினியத்தின் அடர்த்தி கன மில்லிமீட்டருக்கு 2.7 × 10⁻⁹ டன். கன மீட்டருக்குக் கிலோகிராம் என்ற பழக்கத்தில் 2700 என்று போட்டால் மாடலின் எடையைப் பார்த்தாலே பிடிபடும். அதனால் எடையை முதலில் பார். தாங்கியின் ஓரத்தில், மாடலைத் துண்டுகளாகப் பிரிக்கும் கண்ணி சிறுக்கச் சிறுக்க ஏறிக்கொண்டே போகும் அழுத்தம் பாகத்தினுடையதல்ல, மாடலினுடையது என்று கையால் போட்ட கணக்கோடு ஒப்பிட்டுக் காட்டினார்கள்.

மார்ஜின், அதாவது தாங்குதிறனில் மிஞ்சும் பங்கு, என்ற சொல்லைத் தளர்வாகப் பயன்படுத்த விடவில்லை. சேவையில் எதிர்பார்க்கும் உச்சச் சுமை லிமிட். அதில் கேடு விளைவிக்கும் நிரந்தர வளைவு கூடாது. அதன் 1.5 மடங்கு அல்டிமேட். அதைக் குறைந்தது மூன்று வினாடி உடையாமல் தாங்க வேண்டும். லிமிட்டில் 200 மெகாபாஸ்கல் என்றால் அல்டிமேட்டில் 300. பொருளின் அனுமதி 420 என்றால், 420-ஐ 300-ஆல் வகுத்து ஒன்றைக் கழித்தால் மார்ஜின் 0.40. அந்த 420 எங்கிருந்து வந்தது என்று அடுத்த கேள்வி உடனே வரும். சோதனையின் சராசரி செல்லாது. உடைந்தால் சுமையை ஏற்க வேறு வழியில்லாத பாகத்துக்கு, நூற்றில் 99 மாதிரிகள் அதைத் தாண்டும் என்பதற்கு 95 சதவீத உறுதி வேண்டும். இணைப்புப் பிடிகளுக்குச் சுமையைக் கூடுதலாக 1.15-ஆல் பெருக்க வேண்டும். எங்கள் எண்ணை நம்பாமல் ஒவ்வொரு முறையும் மூலத்தைக் கேட்டதற்கு நன்றி.

எங்கள் பயிற்சி ரிப்போர்ட்டைச் சரிபார்த்து வெளியிட அனுமதித்த பிரிவினருக்கும் நன்றி. அடுத்த குழு கவனிக்க: கல்லூரிக்குக் கொடுக்கும் தேதிக்கு மூன்று வாரம் முன்பே அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். பாக எண்ணை நீக்குங்கள், வரைபட அச்சுகளில் அசல் எண்ணுக்குப் பதில் உச்ச மதிப்பின் விகிதத்தைப் போடுங்கள், கூடத்தில் எடுத்த படம் எதுவும் வேண்டாம். திரும்பி வரும் சுற்றுகள் குறையும்.

ரிவெட் பெஞ்சின் கீழ் இழுப்பறையில் ஒரு மாதிரித் தகடு வைத்திருக்கிறோம். சாய்ந்த தலை, மடங்கிய உடல், சீவல் சிக்கிய சந்து, பெரிதான துளை, ஓரம் குறைந்த துளை எல்லாம் அதில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அளவும் காரணமும் எழுதிய சீட்டு ஒட்டியிருக்கிறது. டூல் கிரிப் பதிவேட்டில் அதற்கும் ஒரு எண் வாங்கிவிட்டோம். எடுப்பவர்கள் கையெழுத்துப் போட்டு எடுக்கவும்.

நன்றியுடன்,
இந்த ஆண்டின் பயிற்சி மாணவர்கள்